மறுமொழி வராத செய்தி

1914 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே கொழும்புத் துறைமுகத்தினுள் இரண்டு புதுமையான கலங்கள் வந்து தரித்தன. நீராவிக் கப்பல்களையும் வத்தைகளையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு அவை கப்பல்களாகவே தோன்றியிரா. உயர்ந்த புகைபோக்கி இல்லை, பாய்மரம் இல்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒடுங்கிய முதுகும், அதன் நடுவிலே சிறு கோபுரமும் மாத்திரமே தெரிந்தன. நீளம் 181 அடி. அவுஸ்திரேலியா தன் புதிய கடற்படைக்கென இங்கிலாந்திலே கட்டுவித்த முதல் நீர்மூழ்கிக் கப்பல்கள் அவை. ஒன்றின் பெயர் ஏ.ஈ. 1, மற்றது ஏ.ஈ. 2. அவ்விரண்டாவது கலத்தின் தலைவராய் வந்த லெப்டினன்ற் கமாண்டர் ஹென்றி ஸ்டோக்கர் என்பவரின் கதையையே இவ்வாரம் நேயர்களுக்குக் கூற எண்ணுகின்றோம்.

ஸ்டோக்கர் 1885 பெப்ரவரி 2 ஆம் திகதி அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினிலே பிறந்தவர். "டிராகுலா" என்னும் பேய்க்கதையை 1897 இல் வெளியிட்டுப் பெயர்பெற்ற பிராம் ஸ்டோக்கர் இவருடைய உறவினர். குடும்பத்திலே எழுத்தும் மருத்துவமும் இருந்தன. இவரோ கடலைத் தேர்ந்தார். பதினைந்து வயதளவிற் பிரித்தானியக் கடற்படையின் பயிற்சிக் கப்பலிற் சேர்ந்து, சில ஆண்டுகளின் பின் நீர்மூழ்கிப் பிரிவுக்குத் தாமாகவே விரும்பிச் சென்றார்.

அக்காலத்தில் அப்பிரிவுக்குப் போவதென்பது எவரும் பொறாமைப்படத்தக்க காரியமன்று. பெரிய போர்க்கப்பல்களின் வெண்கலப் பளபளப்பிலே வளர்ந்த மூத்த தளபதிகளுட் சிலர், நீருக்குள் ஒளிந்து நின்று தாக்குவது கண்ணியமானவர் செய்யும் போராகாது என்றே கருதினர். ஆபத்தோ சொல்லுந்தரமன்று. ஆரம்பகாலக் கலங்கள் பெற்றோலில் இயங்கின. அதன் ஆவி உள்ளே தேங்கினால் மயக்கமும் மரணமும் நேரும். நச்சுவாயுவை முன்னறிவதற்காக வெள்ளெலிகளைக் கூட்டில் அடைத்து உடன்கொண்டு சென்றனர். எலி சோர்ந்து விழுந்தால் மனிதர் மேலே ஏறவேண்டும். இதுவே அன்றைய விஞ்ஞானம். 1904 மார்ச் மாதத்திலே ஏ 1 என்னும் கலம், மேலே சென்ற பயணிகள் கப்பலொன்றில் மோதுண்டு தன் மாலுமிகள் அனைவரோடும் அமிழ்ந்துபோயிற்று. இருந்தும் இளைஞர்கள் சென்றார்கள். பெரிய கப்பலொன்றின் தலைமை கிடைப்பதற்கு நாற்பது வயது வரையிற் காத்திருக்க வேண்டும். நீர்மூழ்கியிலோ இருபத்தைந்துக்குள் ஒரு கலம் கைக்கு வரும். சம்பளத்திலும் சிறிது மேலதிகம் உண்டு. ஸ்டோக்கர் சிறு கலங்களுக்குத் தலைமை தாங்கி, ஜிப்ரால்டரிலும் பணிபுரிந்தார். அவுஸ்திரேலியாவுக்குச் செல்ல அதிகாரிகள் தேவை என்று கேட்கப்பட்டபோது அவர் முன்வந்ததற்கு, அங்கே போலோ நன்றாக விளையாடலாம் என்ற எண்ணமும் ஒரு காரணம் என்பர். மனிதரின் பெரிய திருப்பங்கள் இவ்வளவு சிறிய ஆசைகளில் தொங்குவதுண்டு.

1914 மார்ச் 2 ஆம் திகதி போட்ஸ்மத்திலிருந்து புறப்பட்ட இரு கலங்களும் மே 24 ஆம் திகதி சிட்னியை அடைந்தன. 83 நாட் பிரயாணம். ஏறக்குறைய 13,000 கடல் மைல். அதுவரை எந்த நீர்மூழ்கியும் அவ்வளவு தூரம் சென்றதில்லை. பாதையில் மூன்றிலொரு பங்கு வேறு கப்பல்களாற் கட்டி இழுக்கப்பட்டன என்பதை மறைக்க வேண்டியதில்லை. செங்கடலின் வெப்பத்திலே, இரும்புக் குழாய் போன்ற கலத்தினுள், எந்திரங்களின் சூட்டோடு முப்பத்தைந்து பேர் வாழ்ந்த வாழ்வை எண்ணிப் பார்த்தால், கொழும்பிற் கரையேறிய அந்த மாலுமிகளுக்கு நம் நகரத்தின் ஏப்ரில் மாத வெயிலும் குளிர்ந்தே தோன்றியிருக்கும். சிங்கப்பூரிலிருந்து அவற்றுக்குத் துணையாகச் சென்றது "சிட்னி" என்னும் போர்க்கப்பல். நமது பேச்சு வழக்கிலே தன் பெயரைத் தனிச்சொல்லாகவே விட்டுச் சென்ற "எம்டன்" கப்பலை, அதே ஆண்டு நவம்பர் 9 ஆம் திகதி கொக்கோஸ் தீவருகில் அழித்ததும் இந்தச் "சிட்னி"தான். கைதிகளோடு அது பின்னர் வந்து சேர்ந்ததும் கொழும்புக்கே.

போர் மூண்டது. பசிபிக் கடலிலே ஜேர்மனியர் வசமிருந்த நியூ கினிப் பகுதியைக் கைப்பற்றச் சென்ற படையோடு இரு நீர்மூழ்கிகளும் சென்றன. 1914 செப்டெம்பர் 14 ஆம் திகதி காவலுக்குச் சென்ற ஏ.ஈ. 1 மீளவில்லை. அபாயச் செய்தியில்லை; மிதக்கும் பொருளில்லை; எண்ணெய்ப் படலமுமில்லை. முப்பத்தைந்து பேரும் எங்கே போயினர் என்பதை ஒருவராலும் கூற முடியவில்லை. அக்கலம் 300 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் 2017 டிசெம்பரிலேதான் கண்டெடுக்கப்பட்டது. கொழும்பிலே அருகருகாய் நின்ற இணைக்கலத்தை இழந்து, ஸ்டோக்கர் தம் கலத்தோடு தனித்தார்.

பசிபிக்கில் வேலை முடிந்தபின், அவுஸ்திரேலியப் படைகளோடு ஏ.ஈ. 2 உம் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பப்பட்டது. அங்கே காத்திருந்தது டார்டனெல்ஸ் நீரிணை.

நேயர்கள் படத்தை விரித்துப் பார்க்கவேண்டும். மத்தியதரைக் கடலிலிருந்து மார்மராக் கடலுக்கும், அதனூடாகத் துருக்கியின் அன்றைய தலைநகராகிய கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கும் செல்லும் வாயில் அது. ஏறத்தாழ 35 மைல் நீளம். சனாக்கலே என்னும் இடத்திலே ஒரு மைலுக்கும் குறைந்த அகலம். இருகரையிலும் கோட்டைகள்; இரவிலே தேடொளி விளக்குகள்; நீருக்குள் வரிசை வரிசையாகக் கண்ணிவெடிகள். இவை மனிதர் வைத்த தடைகள். இயற்கை வைத்த தடை இவற்றிலும் பெரிது. கருங்கடலின் உப்புக் குறைந்த நீர் மேற்பரப்பிலே வெளிநோக்கி வேகமாகப் பாய்கின்றது. அதற்கடியிலே மத்தியதரைக் கடலின் உப்பு மிகுந்த கனத்த நீர் உள்நோக்கி ஊர்கின்றது. நீர்மூழ்கி என்பது தொட்டிகளில் நீரை நிரப்பியும் வெளியேற்றியும் எடையைச் சரிசெய்து ஆழத்தைக் காக்கும் கலம். ஒரு நீரடுக்கிற் சமநிலையாய் நின்ற கலம் அடுத்த அடுக்கிற் புகுந்தவுடன் மேலே எறியப்படும், அல்லது கீழே அமிழும். அன்றியும், நீருக்கடியிலே டீசல் எந்திரம் இயங்காது. பற்றரியின் மின்சாரமே கதி. எதிர்த்துப் பாயும் நீரோட்டத்தில் முழுத்தூரமும் மூழ்கிச் செல்ல அம்மின்சாரம் போதாது.

முன்னர் முயன்றவர்களின் கதி உற்சாகம் தருவதாயில்லை. 1914 டிசெம்பரில் ஹோல்புரூக் என்பவர் சிறு கலமொன்றில் உள்ளே புகுந்து பழைய துருக்கிப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்துத் திரும்பியது உண்மை; ஆனால் அவர் முழு நீரிணையையும் கடக்கவில்லை. பிரெஞ்சுக்காரரின் "சபீர்" 1915 ஜனவரியில் அழிந்தது. ஏப்ரில் 17 ஆம் திகதி தியடோர் புறோடியின் தலைமையிற் சென்ற ஈ 15 கரைதட்டியது, தலைவர் இறந்தார். அந்தக் காட்சியை மேலே பறந்த விமானத்திலிருந்து கண்டவர் அவருடைய இரட்டைச் சகோதரராகிய சார்ள்ஸ் புறோடி. இந்தச் சகோதரரின் பெயரை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

எட்டு நாட்களின் பின், தம்மால் முடியும் என்று சொல்லி ஸ்டோக்கர் புறப்பட்டார். அவருடைய திட்டம் எளிது. இரவிலே மேற்பரப்பில் இயன்ற தூரம் சென்று மின்சாரத்தைச் சேமிப்பது. பீரங்கிகள் வெடிக்கத் தொடங்கியதும் மூழ்குவது. முதல்நாள் முயற்சியில் கலத்தை ஆழ்த்தும் தகட்டின் தண்டு முறிந்ததால் திரும்ப நேர்ந்தது. பழுதுபார்த்து, மறுநாட் காலை இரண்டரை மணியளவில் மீண்டும் நுழைந்தார். அது 1915 ஏப்ரில் 25, ஞாயிற்றுக்கிழமை. அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் கலிப்பொலிக் கரையில் இறங்கிய அதே விடியற்காலை.

மூழ்கிய பின் அரைமணி நேரத்துக்கு மேலாகக் கண்ணிவெடிகளைக் கட்டியிருந்த கம்பிகள் கலத்தின் உடலிலே உராய்ந்துகொண்டு சென்றன. உள்ளிருந்தோர் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டேயிருந்தனர். சனாக்கலே அருகில் மேலெழுந்து, பெரிஸ்கோப்பினூடே பார்த்து, "பெய்க்-இ-ஷெவ்கெத்" என்னும் துருக்கிய போர்க்கலத்தின்மீது ஒரு டோர்ப்பிடோவை ஏவினார். அது தாக்குண்டு சேதமுற்றது. உடனே துரத்தல் தொடங்கிற்று. தப்பவென ஒதுங்கிய ஏ.ஈ. 2 ஒரு கோட்டையின் அடியிலேயே கரைதட்டி நின்றது! கோபுரம் நீருக்கு வெளியே தெரிகின்றது. கோட்டையின் பீரங்கிகளோ தலைக்கு மேலே முழங்குகின்றன. அவ்வளவு அண்மையில் நின்றதே அதற்குக் காப்பாயிற்று. பீரங்கியின் வாயை அந்த அளவுக்குத் தாழ்த்த இயலவில்லை. சில நிமிடங்களில் விடுபட்டு, எதிர்க்கரைக்குச் சென்று, அங்கேயும் ஒருமுறை தட்டி, மீண்டும் விடுபட்டது. இவ்விடத்திலே வீரம் எவ்வளவு, விதி எவ்வளவு என்று அளக்க நமக்குக் கோலில்லை.

பின்பு கலத்தைக் கடலடியிலே கிடத்திவிட்டுப் பகல் முழுவதும் காத்திருந்தனர். மேலே தேடும் படகுகள் போவதும் வருவதும் கேட்டன. ஞாயிற்றுக்கிழமை ஆதலால் ஸ்டோக்கர் பிரார்த்தனை நடத்தினார். காற்று வரவரக் கனத்தது. விடியற்காலை முதல் ஏறத்தாழப் பதினாறு மணி நேரம் நீருக்கடியில் இருந்தபின், இரவு ஒன்பது மணியளவில் மேலே வந்தனர்.

கதையின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. நீர்மூழ்கி மேலெழுந்து நின்றாலன்றிக் கம்பியில்லாத் தந்தி அனுப்ப முடியாது. பல்கனர் என்ற தந்தியாளர், நனைந்த கம்பிகளில் நீலப்பொறி சிதற, தாங்கள் நீரிணையைக் கடந்துவிட்டதைத் தெரிவிக்கும் செய்தியை அனுப்பினார். மறுமொழி வரவில்லை. திரும்பத் திரும்ப அனுப்பினார், மறுமொழி இல்லை. இருளிலே நின்று, எதிரியின் வாயிலுக்குள் இருந்துகொண்டு, யாருக்குக் கேட்கின்றது என்று தெரியாமலே பேசுவதைப் போன்ற செயல் அது. பற்றரியை ஏற்றிக்கொண்டு, மறுநாள் மார்மராக் கடலுக்குட் சென்றார் ஸ்டோக்கர்.

செய்தி கேட்டிருந்தது.

அன்று நள்ளிரவின் பின், "குயீன் எலிசபெத்" போர்க்கப்பலில் உறங்கிக்கொண்டிருந்த தலைமைத் தளபதி சேர் இயன் ஹமில்ற்றன் எழுப்பப்பட்டார். கரையிறங்கிய அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையின் நிலைமை மோசமென்றும், அவர்களைத் திரும்பக் கப்பலேற்றுவதாயின் உடனே செய்ய வேண்டுமென்றும் ஜெனரல் பேட்வூட் எழுதியிருந்தார். கப்பலேற்றுவதற்கு நாட்கள் செல்லும் என்றனர் கடற்படையினர். அந்த ஆலோசனையின் நடுவே ஒருவர் ஒரு தந்தியைக் கையிற்கொண்டு வந்தார். அவர் வேறு யாருமல்லர். எட்டு நாட்களுக்கு முன் தம் உடன்பிறப்பு அதே நீரிணையிலே மடிந்த காட்சியைக் கண்ட சார்ள்ஸ் புறோடி. நீர்மூழ்கி கடந்துவிட்டது என்பதே அவர் கொண்டுவந்த செய்தி. ஹமில்ற்றன், படையினர் பின்வாங்காது மண்ணைத் தோண்டி நிலைகொள்ள வேண்டுமென்று எழுதினார். அவுஸ்திரேலிய நீர்மூழ்கி நீரிணையின் குறுகிய பகுதியைக் கடந்துவிட்டதையும் அக்கடிதத்திலே சேர்த்தார்.

இதைக்கொண்டு, ஸ்டோக்கரின் தந்தியே படையைக் கரையிலே நிறுத்திற்று என்று சொல்வோர் உண்டு. தந்தி வருமுன்னரே ஹமில்ற்றனின் மனம் முடிவுக்கு வந்துவிட்டது, கப்பலேற்ற வழியில்லாமையே காரணம் என்று மறுப்போரும் உண்டு. நமக்குப் பிந்தியதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஆனால் அதனால் அச்செய்தியின் மதிப்புக் குறைவதாகவும் நாம் எண்ணவில்லை. அன்றிரவு அந்தப் படையணிக்கு அனுப்புவதற்கு நல்ல செய்தியென்று இருந்தது அது ஒன்றே. இன்னொன்றையும் நேயர்கள் சிந்திக்க வேண்டும்: கரையில் நின்ற படையினர் மேலும் எட்டு மாதங்கள் அங்கே கிடந்து, ஆயிரக்கணக்கில் மடிந்து, 1915 டிசெம்பரில் அவ்விடத்தை விட்டு நீங்கினர். தந்தியே அவர்களை நிறுத்தியது எனப் புகழ்வோர், அதன் பின்விளைவையும் அதே தந்தியின் கணக்கில் எழுத முன்வருவார்களா? ஸ்டோக்கர்மேல் அந்தப் பாரத்தை ஏற்றாமலிருப்பதே நீதி.

மார்மராவில் ஏ.ஈ. 2 ஐந்து நாட்கள் திரிந்தது. எய்த டோர்ப்பிடோக்களில் முதலாவதைத் தவிர வேறொன்றும் பலன் தரவில்லை. ஆகவே ஸ்டோக்கர் வேறொரு தந்திரத்தைக் கையாண்டார். வெவ்வேறிடங்களில் வேண்டுமென்றே தம்மை வெளிக்காட்டி, பல நீர்மூழ்கிகள் உள்ளனபோல எதிரியை மயங்கச் செய்தார். இதற்கிடையில் பொயில் என்பவரின் தலைமையில் ஈ 14 உம் நீரிணையைக் கடந்து வந்தது. ஏப்ரில் 29 ஆம் திகதி இருவரும் சந்தித்து, மறுநாளும் சந்திப்பதாகப் பேசிப் பிரிந்தனர்.

ஏப்ரில் 30 காலையில், குறித்த இடத்தை அணுகியபோது "சுல்தான்ஹிசார்" என்னும் துருக்கிய டோர்ப்பிடோப் படகு தென்பட்டது. ஏ.ஈ. 2 மூழ்கிற்று. திடீரெனச் சமநிலை கெட்டு, மூக்கு மேலே தூக்க, அது நீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எதிரி நெருங்கினான். தொட்டிகளை நிரப்பி அமிழ்த்தியபோது நிறுத்த இயலாமல் 100 அடி எல்லையையும் தாண்டிக் கீழே பாய்ந்தது. எந்திரங்களை முழுவேகத்தில் பின்னோக்கி இயக்க, பின்புறம் மேலாக மறுபடியும் மேற்பரப்புக்கு எறியப்பட்டது. "சுல்தான்ஹிசா"ரின் குண்டுகள் எந்திர அறையைத் துளைத்தன. துளைபட்ட கலம் இனி மூழ்கலாகாது. ஸ்டோக்கர் தம் மாலுமிகளை மேலே அனுப்பிவிட்டு, எதிரியின் கையிற் சிக்காதவாறு கலத்தைத் தாமே மூழ்கடித்தார். ஓர் உயிரும் போகவில்லை. துருக்கியத் தலைவராகிய அலி ரிஸா அவர்களைத் தம் படகில் ஏற்றி மரியாதையோடு நடத்தினார் என்பதும் பதிவாகியுள்ளது.

பின்பு மூன்றரை ஆண்டுகள் சிறை. மாலுமிகள் தோரஸ் மலைப்பகுதியிலே ரெயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டனர். கடலிலே ஒருவரையும் இழவாத அக்கலம் சிறையிலே நால்வரை இழந்தது. அதிகாரிகள் அபியூன் கராஹிசாரில் வைக்கப்பட்டனர். 1916 இல் ஸ்டோக்கர் தோழர் சிலரோடு தப்பியோடிப் பிடிபட்டு, கொன்ஸ்தாந்திநோப்பிளிலே தனிச்சிறையில் அடைக்கப்பட்டார்.

வெளியிலே காலம் அவருக்காக நிற்கவில்லை. ஹோல்புரூக்குக்கு விக்டோரியாச் சிலுவை, பொயிலுக்கும் அது, பின்னர் மார்மராவைக் கலக்கிய ஈ 11 இன் தலைவர் நாஸ்மித்துக்கும் அது. முதன்முதல் வாயிலைத் திறந்தவருக்கு 1919 இலே டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. அது சிறியதன்று, ஆயினும் வரிசையிலே வைத்துப் பார்க்கும்போது கண்ணை உறுத்தத்தான் செய்கின்றது. கலத்தை இழந்து கைதியானவனுக்கு எவ்வளவு கொடுப்பது என்று கடற்படைக்குத் தெரியவில்லை போலும்.

கமாண்டராக உயர்ந்தும், 1920 இல் அவர் கடற்படையை விட்டு விலகினார். தம்முடைய முப்பத்தைந்தாவது வயதிலே அவர் தேர்ந்த அடுத்த தொழில் பலரையும் வியப்பில் ஆழ்த்தியிருக்கும்: நாடக மேடை! லண்டன் அரங்குகளில் நடிகராயும் தயாரிப்பாளராயும் வாழ்ந்தார். சில திரைப்படங்களிலும் தோன்றினார். "காற்றிலே துரும்புகள்" என்று பொருள்படும் தலைப்போடு 1925 இல் தம் வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரின்போது மீண்டும் சீருடை அணிந்து, நோர்மண்டிப் படையிறக்கத்துக்கான ஆயத்த வேலைகளிலும் பங்குகொண்டார். போர் முடிந்ததும் மறுபடியும் மேடை. 1962 இல், எழுபத்தேழாவது வயதிலே, அயர்லாந்தின் குறோக்கே விளையாட்டுப் போட்டியில் வெற்றிவாகை சூடினார். போலோவுக்காக அவுஸ்திரேலியா சென்றவர் அல்லவா! 1966 பெப்ரவரி 2 ஆம் திகதி, தம் எண்பத்தோராவது பிறந்தநாளன்றே காலமானார்.

ஏ.ஈ. 2 கிடந்த இடத்தை 1998 இல் துருக்கியரான செல்சுக் கொலாய் கண்டுபிடித்தார். 72 மீற்றர் ஆழத்தில், உடையாமல், மண்ணிலே நிமிர்ந்தபடி அது கிடந்தது. 2014 இல் அவுஸ்திரேலியரும் துருக்கியரும் சேர்ந்து, கோபுரத்தின் வழியே சிறு கமராவொன்றை உள்ளே இறக்கிப் பார்த்தனர். சைகைக் கொடிகளும் ஒரு விளக்கும் தெரிந்தன. அவற்றோடு கம்பியில்லாத் தந்திக்கான கழியும் அதன் கம்பியும் இருந்தன. 1915 ஏப்ரில் 25 இரவு பல்கனர் செய்தி அனுப்பியது அதன் வழியாகவே என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.